குச்சிக்கிழங்குக் காட்டில் ஒரு ராத்திரி

பொங்கல் முடிந்து நாலாம் நாள். அன்றைக்கு ராத்திரி எங்க குச்சிக்கிழங்குக் காட்டில் தனியாகப் படுத்துக் கிடந்தேன். காடு என்றதும் பட்டணத்து நண்பர்கள் யானை, சிறுத்தை என்று நினைத்துவிட வேண்டாம். கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிற எங்க ஊர்ப்பக்கம் மேட்டு நிலத்துக்குக் காடுன்னுதான் பேரு. குச்சிக்கிழங்கு என்பதும் புதுசு இல்லை. நீங்க மரவள்ளிக்கிழங்கு என்று வாங்குவது, கேரளத்துக்காரர் கப்பை என்பது, எல்லாம் அதேதான்.

தனியாகப் படுக்க வேண்டி வந்ததுக்குக் காரணம் பன்னி. மலையிலிருந்து இறங்கி வந்து ரெண்டே ராத்திரியில் ஆறு வரிக் கிழங்கைக் கிளறிப் போட்டுவிட்டது. தின்றது பாதி, மிதித்து நாசம் பண்ணியது பாதி. பத்து மாசம் வளர்த்து, இன்னும் பத்து நாளில் பிடுங்க வேண்டிய கிழங்கு. காவலுக்கு ஆள் போட்டால் கூலி கட்டாது. சரி, நாமே போய்ப் படுப்போம்னு முடிவு பண்ணினேன்.

எங்க அப்பாரு காலத்தில் இதுக்கென்று பரண் இருந்தது. நாலு கவைக்கால் நட்டு, மேலே மூங்கில் பரப்பி, அதுக்கு மேலே சோளத்தட்டு போட்டு, மழைக்கு ஒரு கூரையும் சாய்த்துவிடுவார். ஒரு தகர டப்பா, ஒரு கவண், ஒரு கம்பளி. அவ்வளவுதான் அவர் சாமான். சோளம் பால் பிடிச்சதிலிருந்து அறுப்பு வரைக்கும் அவர் வூட்டுல படுத்ததே கிடையாது என்று ஆத்தா சொல்லும். இப்போ பரண் கட்டத் தெரிஞ்ச ஆளும் இல்லை, வெட்ட மூங்கிலும் இல்லை. தரையில் படுக்கலாமென்றால் கிழங்குக்காட்டில் எலி அதிகம். எலி இருந்தால் பாம்பு இருக்கும்.

அப்பதான் அந்தப் பை ஞாபகம் வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கிற என் தங்கச்சி மகன் போன வருஷம் வந்தபோது விட்டுட்டுப் போனது. ஒரு கைக்குள் அடங்குகிற பை. பிரித்தால் பத்தடி நீள நைலான் துணி, ரெண்டு பக்கமும் கயிறு. "ஹேமக்குங்க மாமா, ரெண்டு மரத்துல கட்டிப் படுத்துக்கலாம்" என்று காட்டினான். எங்க ஊர்ப் பேச்சில் சொன்னால் பெரியவங்களுக்கான ஏணை. அதை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வூட்டுக்காரி சிரித்தாள்: "அம்பத்திரண்டு வயசுல தொட்டில் கேக்குதா? ஆட்டிவிட ஆளு வேணுமா?"

காட்டு மூலையில் ஒரு வேம்பும் ஒரு புங்கனும் பன்னிரண்டடி இடைவெளியில் நிற்கின்றன. அதில் கட்டினேன். முதல் தடவை கயிறு வழுக்கி நேராகத் தரையில் உட்கார்ந்தேன். பார்க்க ஆளில்லாததால் மானம் தப்பிச்சது. ரெண்டாவது தடவை மரத்தில் சாக்கைச் சுற்றி அதுக்கு மேலே கட்டினேன். பட்டையும் காயாது, கயிறும் வழுக்காது. இழுத்து விறைப்பாகக் கட்டக் கூடாது, தொய்வாக விடணும். நேராகப் படுத்தால் முதுகு வில்லாக வளையும். துணிக்குக் குறுக்கே கொஞ்சம் சாய்வாகப் படுத்தால் உடம்பு கிட்டத்தட்ட சமமாகிவிடும். இதெல்லாம் அன்றைக்கு நானாகக் கண்டுபிடிச்சதாக நினைத்துக்கொண்டேன். அது எத்தனை பழைய சங்கதி என்று பின்னாடி சொல்றேன்.

இருட்டுகிறதுக்குள்ளே சமையல். மூணு கல்லை வைத்து அடுப்பு கூட்டினேன். விறகுக்குப் பஞ்சமில்லை, காய்ந்த வேலிக்கருவை முள் மட்டும் போதும். முதலில் கிழங்கு. ஆலைக்குப் போகிற ரகம் கசக்கும், அதை வூட்டுக்கு எடுக்க மாட்டோம். வரப்போரமாக ரெண்டு வரி தின்னுகிற ரகம் எப்பவும் போட்டு வைப்போம். அதில் ஒரு செடியை ஆட்டிப் பிடுங்கினால் நாலு கிழங்கு வந்தது. தோலுரித்து, விரல் நீளத்துக்கு வெட்டி, நடு நரம்பை எடுத்துவிட்டு, மூடாத பானையில் மஞ்சளும் உப்பும் போட்டுக் கொதிக்கவிட்டேன். வெந்ததும் அந்தத் தண்ணியை வடித்துக் கொட்டிவிடணும். இது ருசிக்காக மட்டும் இல்லை, கிழங்கில் இருக்கிற நஞ்சு போகத்தான். கிழங்குத் தோலையும் தழையையும் மேய்ந்த ஆடு வாயில் நுரை தள்ளிச் செத்ததைப் பார்த்த ஊர் எங்களுது.

அடுத்தது கோழி. எங்க நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையம் பேர் சொல்லி இப்போ சென்னை ஓட்டல்களில்கூட விற்கிறார்களே, அந்தக் கறிதான். மசாலாத் தூள் எதுவும் கிடையாது. இரும்புச் சட்டியில் கடலெண்ணெய் ஊற்றி, கடுகு, கறிவேப்பிலை, கை நிறையச் சின்ன வெங்காயம், விதையை உதறிப் போட்டுக் கிள்ளின வரமிளகாய் பதினைந்து. மிளகாய் கறுக்காமல் சிவந்து மினுமினுவென்று வரும்போது கோழித்துண்டு, மஞ்சள், உப்பு. தண்ணி ஊற்றக் கூடாது. கையால் தெளிச்சுவிட்டால் போதும், மீதி கோழியிலிருந்தே ஊறும். கடைசியில் பல்லுப் பல்லாகக் கீறின தேங்காய். கறி வேகும்போதே அடுப்போரத் தணலில் ரெண்டு மக்காச்சோளக் கருதும், சாம்பலுக்குள்ளே ரெண்டு சர்க்கரைவள்ளியும் புதைத்துவிட்டேன். கொறிக்க மடியில் நிலக்கடலை.

தேக்கிலையில் கிழங்கைக் கொட்டி, பக்கத்தில் கறியை வைத்துக்கொண்டு ஏணையில் உட்கார்ந்து தின்றேன். காற்றில் வேப்பிலை உரசுகிற சத்தம் தவிர ஒண்ணுமில்லை. எங்க அப்பாரு தின்ற சாப்பாடு இதுதானே என்று முதலில் தோன்றியது. அப்புறம்தான் உறைத்தது. இலையில் இருக்கிற பெரும்பாலான பண்டமும், உட்கார்ந்திருக்கிற துணியும், எங்க அப்பாரு வூட்டுச் சொத்தே இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த வேற ஒரு குடியானவர் வூட்டுச் சொத்து.

அது எப்படி எனக்குத் தெரியும் என்றால், அந்த ஹேமக் என்கிற சொல்லால்தான். போன கார்த்திகையில் அடைமழை பெய்து காட்டுக்குள் கால் வைக்க முடியாமல் கிடந்தபோது, இந்தச் சொல் எங்கிருந்து வந்ததுன்னு தேட ஆரம்பித்தேன். ஆங்கிலேயர் அதை ஸ்பானியரிடமிருந்து எடுத்திருக்கிறார்கள். ஸ்பானியர் எடுத்தது தைனோக்கள் என்கிற மக்களிடமிருந்து. இன்றைக்கு ஹைத்தி, டொமினிக்கன் குடியரசு, கியூபா, போர்ட்டோ ரிக்கோ, ஜமைக்கா, பஹாமாஸ் என்று நாம் சொல்கிற கரீபியன் தீவுகளில் வாழ்ந்த குடியானவர்கள் அவர்கள். 1492 அக்டோபரில் கொலம்பஸ் அந்தத் தீவுகளில் இறங்கினபோது, இந்த வூடுகளில் பருத்தி வலை மாதிரி ஒன்றில் படுக்கிறார்கள் என்று தன் குறிப்பில் எழுதிவைத்தார். அதுதான் ஹமாக்கா. பருத்தியில் நெய்ததும் உண்டு, கற்றாழை மாதிரிச் செடியின் நாரில் முறுக்கினதும் உண்டு. ஈரத்தரை, பூச்சி, பாம்பு எல்லாத்துக்கும் அது ஒரே பதில். தைனோக்களும் அதில் குறுக்குச் சாய்வாகத்தான் படுத்தார்கள். குளிருக்குப் பக்கத்தில் தீ மூட்டி வைத்துக்கொண்டார்கள்.

ஒரு சொல்லைப் பிடித்து இழுத்தால் கூடவே ஒரு கொடியே வந்தது. மக்காச்சோளத்துக்கு ஆங்கிலத்தில் மெய்ஸ் என்கிறோமே, அது தைனோக்களின் மாஹிஸ். கஸாவா என்பது அவர்கள் குச்சிக்கிழங்கில் சுட்ட கஸாபே ரொட்டியின் பேர். சர்க்கரைவள்ளிக்கு அவர்கள் பேர் பட்டாட்டா; பொட்டேட்டோ என்ற சொல்லே அதிலிருந்து பிறந்ததுதான். மிளகாய்க்கு அஹி, நிலக்கடலைக்கு மனி என்று இன்றைக்கும் ஸ்பானிய மொழி பேசும் பல நாடுகளில் சொல்வது தைனோச் சொற்கள்தான். புயலுக்குச் சொல்கிற ஹரிகேனும் அவர்களுடையது. தீயில் வாட்டித் தின்கிறதுக்கு நகரத்தில் பார்பக்யூ என்று பலகை மாட்டியிருக்கிறார்களே, அதுவும் அவர்களுடைய பார்பக்கோவா.

அன்றைக்கு ராத்திரி என் இலையை எண்ணிப் பார்த்தேன். கிழங்கு, கருது, வள்ளி, மிளகாய், கடலை, கடலையில் ஆட்டின எண்ணெய். எல்லாம் அந்தப் பக்கத்துப் பயிர். கோழி, வெங்காயம், தேங்காய், கடுகு, கறிவேப்பிலை, மஞ்சள் மட்டும்தான் நம்ம பக்கம்.

இது ஏன் நமக்கு மறந்துபோச்சு? எனக்குத் தோன்றுவதைச் சொல்றேன். ஐரோப்பாக்காரன் பயிரை எடுத்தபோது பேரையும் சேர்த்து எடுத்தான். நாம பயிரை எடுத்துக்கொண்டு பேரை மாற்றிவிட்டோம். வள்ளிக்கிழங்கு என்று நம்மிடம் ஏற்கெனவே ஒரு கொடி இருந்தது. புதுசாக வந்தது மரம் மாதிரி நின்றதால் மரவள்ளி, இனித்ததால் சர்க்கரைவள்ளி. காரத்துக்கு நம்மிடம் இருந்தது மிளகு. அதே காரம் காயில் இருந்ததால் மிளகாய். நம்ம சோளத்துக்குப் பங்காளியாக வந்தது மக்காச்சோளம். கட்டிக்கொடுத்து வந்த பொண்ணுக்குப் புகுந்த வூட்டுப் பேரையே வைத்த மாதிரி. ரெண்டு தலைமுறை போனால் அவளுக்குப் பிறந்த வூடு எதுன்னு பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது.

ஆனால் அந்தப் பிறந்த வூட்டுக்காரர்கள் சாதாரண விவசாயிகள் இல்லை. முழங்கால் உயரத்துக்கு மண்ணைக் குவித்து, வட்ட வட்டமாக மேடு போட்டு, அதில் கிழங்குக் குச்சியை நட்டார்கள். அப்படிப்பட்ட காட்டுக்குக் கொனுக்கோ என்று பேர். மேட்டில் மண் பொலபொலவென்று இருக்கும், தண்ணி தேங்காது, கிழங்கு அழுகாது, பிடுங்குவது சுலபம். உழவுமாடு இல்லை, இரும்பு இல்லை; முனையைத் தீயில் சுட்டு இறுக்கின ஒரு கம்புதான் கருவி. நான் டிராக்டரில் பார் அணைத்து மேட்டில் நடுகிறேன். கணக்கு என்னவோ அதே கணக்குதான்.

நஞ்சுள்ள கிழங்கை அவர்கள் சாப்பாடாக்கின விதம் அதைவிட ஆச்சரியம். கிழங்கைச் சீவித் துருவி, நாரில் பின்னின ஒரு நீளமான குழாய்ப் பைக்குள் திணித்துத் தொங்கவிடுவார்கள். கீழ்நுனியில் பாரம் கட்டி இழுத்தால் பை நீண்டு இறுகும், நஞ்சுச் சாறு பிழிந்து வடிந்துவிடும். மீதி மாவை மண் தட்டில் அடை மாதிரி தட்டிச் சுட்டால் கஸாபே. காய்ந்த கஸாபே மாதக்கணக்கில் கெடாது. கொலம்பஸுக்குப் பின்னால் வந்த ஸ்பானியக் கப்பல்கள் அந்த ரொட்டியை ஏற்றிக்கொண்டுதான் மற்றக் கரைகளுக்குப் போயின. பிடுங்காத கிழங்கோ மண்ணுக்குள்ளேயே பத்திரமாகக் கிடக்கும். மண்ணே குதிர்.

இந்த இடத்தில் ஒரு சங்கதி படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பார்பக்கோவா என்பது அடுப்புப் பேர் மட்டும் இல்லை. கால் நட்டு, மேலே குச்சி பரப்பின மேடை எதுவானாலும் அதுக்கு அந்தப் பேர்தான். கீழே மெதுவாகத் தீ எரிய, மேலே மீனும் கறியும் வாட்டினால் அது அடுப்பு. பொருள் போட்டு வைத்தால் மச்சு. கொன்சாலோ ஃபெர்னாண்டஸ் தெ ஒவியேதோ என்கிற ஸ்பானிய அதிகாரி பதினாறாம் நூற்றாண்டின் முன்பாதியில் அந்தப் பக்கங்களில் தான் கண்டதை எழுதிவைத்திருக்கிறார். ஹமாக்காவுக்குப் படம்கூடப் போட்டிருக்கிறார். மக்காச்சோளக் காட்டில் கால் நட்டு, மேலே கூரை போட்ட பார்பக்கோவாவில் பையன்கள் உட்கார்ந்து, கத்திக் கத்திக் கிளியை விரட்டுவதையும் அவர் எழுதியிருக்கிறார்.

நமக்கும் பரண் என்றால் வூட்டில் சாமான் போட்டு வைக்கிற இடம். காட்டில் காவல் இருக்கிற மேடை. ரெண்டுக்கும் ஒரே சொல். சங்கப் பாட்டில் தினைப்புனத்துப் பரண் மேல் ஏறிக் கிளி ஓட்டின பொண்ணுகளை நீங்க பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்க்காத ரெண்டு ஜனம், கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் ஒரே மாதிரி மேடை கட்டி, ஒரே மாதிரி கிளியை விரட்டி இருக்கிறார்கள். எங்க அப்பாருவும் அந்தத் தைனோப் பையனும் பக்கத்துப் பக்கத்துக் காட்டுக்காரர்கள் மாதிரி எனக்குத் தோன்றியது.

இனி சொல்லப்போவதுதான் மனசைப் பிசைகிறது. கொலம்பஸ் தேடி வந்தது கிழங்கை இல்லை, தங்கத்தை. 1495ல் ஹிஸ்பானியோலா தீவில், அதாவது இன்றைய ஹைத்தியும் டொமினிக்கன் குடியரசும் இருக்கிற தீவில், ஒரு வரி போட்டார். தங்கம் கிடைக்கிற பகுதியில் பதினாலு வயசுக்கு மேலே உள்ள ஒவ்வொருவரும் மூணு மாசத்துக்கு ஒருதரம் ஒரு சின்ன மணிக்கூடு நிறையத் தங்கத்தூள் கட்டணும். தங்கம் இல்லாத பகுதிக்காரர் சுமார் பதினோரு கிலோ பருத்தி கட்டணும். கட்டினதுக்கு அடையாளமாகக் கழுத்தில் ஒரு வில்லை. அந்தத் தீவில் தங்கம் ஆற்று மணலில் பொடிப் பொடியாகத்தான் கிடைத்தது. அரிச்சு எடுத்தாலும் அந்த அளவு தேறாது.

அந்தத் தீவின் வளமான சமவெளிக்குத் தலைவராக இருந்தவர் குவாரியோனெக்ஸ். அவர் கொலம்பஸிடம் ஒரு யோசனை சொன்னதாக, அந்தக் காலத்து வரலாற்றை எழுதின பார்த்தோலோமே தெ லாஸ் காசாஸ் பதிவு செய்திருக்கிறார். எங்க ஜனத்துக்குத் தங்கம் எடுக்கத் தெரியாது. அதுக்குப் பதிலாக வடக்குக் கடலிலிருந்து தெற்குக் கடல் வரைக்கும் ஒரே கொனுக்கோவாக உங்க ராஜாவுக்குப் பயிர் வைத்துத் தர்றோம், உங்க நாடு முழுக்கத் தின்னலாம் என்பதுதான் அந்த யோசனை. லாஸ் காசாஸ் இதை மனசு நொந்துதான் எழுதுகிறார். கொலம்பஸ் ஒத்துக்கொள்ளவில்லை. ராஜாவுக்குக் காட்ட அவருக்குத் தங்கம்தான் வேணும்.

ஒரு விவசாயி தன்னிடம் இருக்கிறதிலேயே பெரிய சொத்தைக் கையில் ஏந்திக் கொடுக்கிறான். எதிராளிக்கு அது சொத்தாகவே தெரியவில்லை. நான் இதைப் படித்த அதே மாசம்தான், மேக்காட்டுக் கிழங்கை ஒரு ஆலைக்கு ஓட்டிக்கொண்டு போயிருந்தேன். எங்க பக்கம் கிழங்குக்கு விலை எடையை மட்டும் வைத்து இல்லை. மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்துத்தான். இருபத்தெட்டு இருக்கும் என்று நம்பிப் போனேன். இருபத்துநாலு என்றார்கள். ஏற்றின வண்டியைத் திருப்பிக்கொண்டு எங்கே போக? கொட்டிவிட்டு வந்தேன். குவாரியோனெக்ஸ் பட்டதுக்கும் இதுக்கும் எட்டாத தூரம் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அவர் வாயடைத்து நின்றிருப்பாரே, அந்த இடம் மட்டும் எனக்குப் புரிந்தது.

அப்புறம் நடந்தது சீக்கிரம் நடந்தது. வரி கட்ட முடியாதவர்கள் நடவை விட்டுவிட்டு மலைக்கு ஓடினார்கள். காட்டில் கிழங்கு இல்லாமல் வந்தவனும் பட்டினி, இருந்தவனும் பட்டினி. பிடிபட்டவர்கள் தங்கச் சுரங்கத்தில் செத்தார்கள். குவாரியோனெக்ஸைப் பிடித்து 1502ல் ஸ்பெயினுக்குக் கப்பல் ஏற்றினார்கள். கரை தாண்டினதும் புயல் அடித்து அந்தக் கப்பல் தங்கத்தோடும் அவரோடும் மூழ்கிப்போனது. அவர்கள் மொழியிலேயே சொன்னால், ஹுராக்கான். 1514ல் ஸ்பானியர் எடுத்த கணக்கில் அந்தத் தீவில் மிஞ்சின தைனோக்கள் சுமார் 26,000 பேர். 1518 கடைசியில் அம்மை வந்தது. 1540களில் ஐந்நூறு பேர்கூடத் தேறமாட்டார்கள் என்று ஒவியேதோ சொன்னார்.

ஆள் போனாலும் படுக்கை பிழைத்துக்கொண்டது. தளம் ஈரமாகும், கப்பல் உருளும். தொங்குகிற படுக்கைதான் மாலுமிக்குத் தோது. ஸ்பானியர் எடுத்தார்கள், 1597ல் ஆங்கிலேயக் கடற்படையும் எடுத்துக்கொண்டது. பின்னாளில் அந்தக் கப்பல்களில் ஒரு ஆளுக்கு ஒதுக்கின இடம் பதினாலு அங்குல அகலம். நடுக்கடலில் செத்தால் அதே ஹேமக்கில் வைத்துத் தைத்துக் கடலில் இறக்கினார்கள். நெய்தவர்களை அழித்தவர்களுக்கே அது தொட்டிலாகவும் பாடையாகவும் இருந்தது.

கிழங்கும் கப்பல் ஏறினது. போர்ச்சுகீசியர் வழியாக மலையாளக் கரைக்கு வந்தது. 1880களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஏழை ஜனத்துக்குச் சோறாகும் என்று அதைப் பரப்பினார். ரெண்டாம் உலக யுத்தத்தில் பர்மா விழுந்து அரிசி வரத்து நின்றபோது கேரளத்தைத் தாங்கினதில் பெரும் பங்கு இந்தக் கிழங்குக்கு. அதே யுத்தத்தில் மலேயா, ஜாவாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் மாவும் நின்றுபோனது. அங்கே ஜவ்வரிசி ஒரு வகைப் பனைமரச் சோற்றிலிருந்து வருவது. அதுக்கு மாற்றாகக் கிழங்கு மாவில் ஜவ்வரிசி உருட்டலாம் என்று 1940களில் தொடங்கினது சேலம். முதலில் கிழங்கே கேரளத்திலிருந்துதான் வந்தது. அப்புறம் ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் என்று எங்க மேட்டுக்காடெல்லாம் குச்சி நட்டுவிட்டார்கள். வடநாட்டில் விரத நாளில் சாபுதானா கிச்சடி தின்கிறவர்களும், நம்மூர்க் கல்யாணத்தில் பாயசம் குடிக்கிறவர்களும் தின்பது குவாரியோனெக்ஸ் தர்றேன் என்ற கிழங்கைத்தான். கொலம்பஸ் வேண்டாம் என்றதை உலகமே வாங்கித் தின்றுகொண்டிருக்கிறது.

இதையெல்லாம் அசை போட்டுக்கொண்டே கண் அசந்துவிட்டேன் போல. ரெண்டு மணி வாக்கில் முதுகுக்குக் கீழே குளிர் ஏறி முழிப்பு வந்தது. தொங்குகிற படுக்கையில் குளிர் மேலே இருந்து வராது, அடியில் இருந்து வரும். கீழே ரெண்டு விறகைத் தள்ளித் தீயைக் கிளறிவிட்டேன். அப்பதான் வடக்கு மூலையில் உறுமல். டார்ச் அடித்தால் ஒரு பெரிய பன்னியும் அது பின்னாடி ஆறு குட்டியும். அப்பாரு மாதிரியே தகர டப்பாவைத் தட்டிக் கத்தினேன். தொண்டை கட்டிப்போகும் அளவுக்குக் கத்தினேன். பக்கத்தில் யாரும் இல்லாததால் வெக்கம் இல்லை. அதுகள் ஓடை தாண்டி ஏறிப்போயின. திரும்பி வந்து சாம்பலைக் கிளறி அந்தச் சர்க்கரைவள்ளியை எடுத்தேன். மேல்தோல் கரி, உள்ளே வெல்லப்பாகு. சுடச்சுட ஊதி ஊதித் தின்றேன்.

தைனோக்கள் அடியோடு அழிந்துவிட்டார்கள் என்றுதான் ரொம்ப நாள் புத்தகங்களில் எழுதி வந்தார்கள். அது முழுசும் சரியில்லை. போர்ட்டோ ரிக்கோவில் சோதித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தாய்வழி மரபணு அந்த மண்ணின் பூர்வகுடிகளுடையது. 2018ல், பஹாமாஸ் குகை ஒன்றில் கிடைத்த ஆயிரம் வருஷப் பழைய பல்லை ஆராய்ந்தவர்களும் அந்தப் பழைய ரத்தம் இன்றைய போர்ட்டோ ரிக்கோ மக்களிடம் ஓடுகிறது என்று கண்டார்கள். ஆம்பளைகளைச் சுரங்கத்தில் கொன்றார்கள். பொம்பளைகள் வழியாக அந்த வம்சம் தப்பிப் பிழைத்திருக்கிறது. டொமினிக்கன் கிராமங்களில் கஸாபே இன்னும் சுடுகிறார்கள்.

விடிந்ததும் ஏணையை அவிழ்த்துச் சுருட்டினேன். வூட்டுக்கு வந்தால் தங்கச்சி மகன் போன் பண்ணினான். "மாமா, அந்த இடத்துல நாலு டென்ட் போட்டு, பத்து ஹேமக் கட்டுனா சனி ஞாயிறு ஆளு வருவாங்க. எதுக்கு மாமா இந்தக் கெழங்கைக் கட்டிட்டு அழறீங்க?" அவன் சொல்வதில் தப்பு இல்லை. கொல்லிமலையில் அப்படித்தான் நடக்குது, நாலு பேருக்குப் பிழைப்பும் கிடைக்குது. நீங்களும் வந்து படுத்துப் பாருங்க, நல்லாத்தான் இருக்கும். "யோசிக்கலாம் மாப்ளே"ன்னேன்.

பத்து நாள் கழித்துக் கிழங்கு பிடுங்கினோம். இந்தத் தடவையும் பாயிண்ட் குறைவுதான். ஆனால் குச்சியை எரிக்கவில்லை. நோய் இல்லாத செடியாகப் பார்த்து வெட்டி, கட்டுக் கட்டாகக் கட்டி, அந்த வேப்பமரத்து நிழலில் நிறுத்தி வைத்திருக்கிறேன். பங்குனியில் நடணும். வரப்போரத் தின்னுகிற ரகம் இந்த வருஷம் ரெண்டு வரி இல்லை, ஆறு வரி. அதைச் சந்தையில் நானே உட்கார்ந்து விற்றுப் பார்ப்பதாக இருக்கிறேன். வூட்டுக்காரி மறுபடி சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.